ராப் வரிக்குள் காலேஜ் பாஸ்கெட்பால்: தமிழில் எழுதும்போது யார் பெயரை வைப்பது?

தாராவி_டி_ஜங்ஷன்:

வணக்கம் மக்களே. கொஞ்சம் நீளமாகக் கேட்கப் போகிறேன், முழுசாகப் படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

நான் தாராவிக்காரன். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து தோல் வேலைக்கு வந்த குடும்பம். பகலில் பை தைக்கிற கார்கானாவில் கட்டிங் வேலை, சாயங்காலம் மாட்டுங்கா பக்கம் கோர்ட்டு கிடைத்தால் பாஸ்கெட்பால், ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு நோட்டை எடுத்து ராப் எழுதுவது. இந்த மூன்றில் கடைசி இரண்டும் எனக்குத் தனித்தனி விஷயமே இல்லை, அதைப் பற்றித்தான் கேட்க வந்திருக்கிறேன்.

பாஸ்கெட்பால் பைத்தியம் எனக்கு ராப் வழியாகத்தான் வந்தது. கூட்டாளி ஒருவன் போனில் அமெரிக்க ராப் ஏற்றிக் கொடுத்தான். ஆங்கிலம் பாதி புரியாது. ஆனால் நடுவில் ஏதாவது ஒரு பெயர் வந்தால் குறித்து வைத்துக்கொண்டு தேடுவேன். தேடினால் பாதிப் பெயர் பாஸ்கெட்பால் ஆட்டக்காரர்கள். அதிலும் நிறையப் பேர் அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்பிஏவின் நட்சத்திரங்கள் கிடையாது, காலேஜில் இரண்டு வருஷம் ஆடி ஊரையே திரும்பிப் பார்க்க வைத்துவிட்டு அப்புறம் பேச்சே இல்லாமல் போனவர்கள். இவர்களை எதற்கு ஒரு பாடகர் இருபது வருஷம் கழித்தும் மனசில் வைத்திருக்கிறார் என்ற கேள்விதான் என்னை மார்ச் மாத ஆட்டங்களுக்குள், அதாவது மார்ச் மேட்னெஸ் என்கிற அமெரிக்கக் காலேஜ் போட்டிக்குள், இழுத்துவிட்டது.

நான் முதன்முதலில் முழுசாகப் பார்த்த ஆட்டம் 2018 மார்ச், நமக்கு சனிக்கிழமை காலை. வர்ஜீனியா நாட்டிலேயே முதலிடத்தில் இருந்த அணி. எதிரில் யுஎம்பிசி என்று ஒரு காலேஜ், கடைசி வரிசையான 16ஆம் சீடு. 1985இலிருந்து 16ஆம் சீடு அணிகள் முதல் சீடோடு 135 தடவை மோதி 135 தடவையும் தோற்றிருந்தன. அன்றைக்கு யுஎம்பிசி 74-54 என்று ஜெயித்தது. தட்டுத்தடுமாறி இல்லை, இருபது புள்ளி வித்தியாசத்தில். அம்மா டீயைக் கையில் வைத்துக்கொண்டு ஏன்டா அழுகிறாய் என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதிலிருந்து ஒவ்வொரு மார்ச்சும் இப்படித்தான்: முதல் ஆட்டம் நம் நேரத்துக்கு ராத்திரி ஒன்பதே முக்கால் வாக்கில் தொடங்கும், ஒன்று மாற்றி ஒன்று விடிய விடிய ஓடும், இறுதி ஆட்டம் ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறரை, ஏழு மணிக்கு. அன்று கார்கானாவுக்குத் தாமதமாகப் போவேன் என்பது சேட்டுக்கே தெரியும்.

இப்போது நான் சொல்ல வந்தது. ராப்பில் என்பிஏ ஆட்டக்காரர் பெயர் வந்தால் பெரும்பாலும் அது உயரத்தைச் சொல்கிறது. நான் அவனைப் போல, என் காசு அவன் காசு, என் மோதிரம் அவன் மோதிரம். காலேஜ் ஆட்டம் வந்தால் வேறு மாதிரி. அது இன்னும் ஒன்றும் முடிவாகாத நேரம். கையில் காசு இல்லை, பெயர் இப்போதுதான் வருகிறது, அடுத்த ஆட்டத்தில் தோற்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். முதல் மிக்ஸ்டேப், அதாவது சொந்தமாக வெளியிடும் பாட்டுத் தொகுப்பு, போடுகிற ராப்பர் நிற்கிற இடமும் அதேதான். ஜே. கோல் நியூயார்க்கில் செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்தவர். அங்கே பாஸ்கெட்பால் அணித் தேர்வுக்குப் போய், இரண்டாம் கட்டத்துக்கு அழைப்பு வந்தும் போகாமல் விட்டவர். 2007இல் நல்ல மதிப்பெண்ணோடு பட்டம் வாங்கினார், அப்புறம் ராப்பில் பெரிய ஆள் ஆனார். ஆனாலும் அவருடைய வெளியீடுகளின் தலைப்பைப் பாருங்கள்: வார்ம் அப், சைட்லைன், ஆஃப் சீசன் என்று திரும்பத் திரும்ப அந்தக் கோர்ட்டுக்கே போகிறார். 36 வயதில், 2021இல், ருவாண்டா போய் பேட்ரியட்ஸ் அணிக்காக ஆப்பிரிக்க லீக்கில் மூன்று ஆட்டம் ஆடினார். எல்லாம் கிடைத்த பிறகும் அந்தத் தேர்வு அவரை விடவில்லை என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

மிச்சிகனின் ஃபேப் ஃபைவ் கதையை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. 1991இல் சேர்ந்த ஐந்து முதலாமாண்டுப் பையன்கள்: கிறிஸ் வெப்பர், ஜேலன் ரோஸ், ஜுவான் ஹோவர்ட், ஜிம்மி கிங், ரே ஜாக்சன். முழங்கால் வரை தொங்கும் டிரவுசர், கறுப்பு சாக்ஸ், அறையில் எப்போதும் ஹிப் ஹாப். இவர்கள் வருவதற்கு முன்னால் காலேஜ் பாஸ்கெட்பால் உடை என்றால் பெரும்பாலும் தொடை தெரியும் குட்டை டிரவுசர்தான். 1992, 1993 இரண்டு வருஷமும் இறுதி ஆட்டம் வரை போய் இரண்டையும் தோற்றார்கள். 93இல் வட கரோலினாவோடு, இரண்டு புள்ளி பின்தங்கி, இன்னும் 11 வினாடி. வெப்பர் பந்தை மூலைக்குக் கொண்டுபோய், ஆட்டத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லி டைம் அவுட் கேட்கிறார். அணியிடம் டைம் அவுட் மிச்சமே இல்லை. அதற்குத் தண்டனை டெக்னிக்கல் ஃபவுல், எதிரணிக்கு இலவச ஷாட். ஆட்டம் முடிந்தது, 77-71.

இதை நான் ஒரு வரியில் வைத்தேன். வெப்பர் மாதிரி டைம் அவுட் கேட்டேன் என்று. எங்கள் சைஃபரில், அதாவது வட்டமாக நின்று மாறி மாறி ராப் பாடும் இடத்தில், பாடினேன், 90 அடி ரோடு பக்கத்துப் பையன்கள் எட்டுப் பேர் சுற்றி நின்றார்கள், மற்ற வரிக்கெல்லாம் கை தூக்கினார்கள், இந்த வரிக்கு ஒருத்தன் முகத்திலும் ஒன்றும் இல்லை. பாடி முடித்த பிறகு பத்து நிமிஷம் நின்று கதை சொன்னேன். கதை கேட்டபோது கண் விரிந்தது. ஆனால் வரி செத்துப்போச்சு.

அதற்குப் பதிலாகக் கிரிக்கெட் பெயர் வைத்தால் எல்லோருக்கும் புரியும், எனக்குத்தான் அது பொய்யாகப் படுகிறது. நம் ஊர் காலேஜ் ஆட்டக்காரர் பெயர் வைக்கலாம் என்றால் யாருக்கும் யாரையும் தெரியாது. எனக்கே தெரியாது. என்ன செய்வது? எனக்கு உயிரான பெயரை வைக்கவா, கேட்பவனுக்குத் தெரிந்த பெயரை வைக்கவா?


கோலிவாடா_பாயின்ட்_கார்டு:

தம்பி, படித்து முடித்ததும் கோர்ட்டிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். நான் சயான் கோலிவாடா பக்கம் பள்ளிக்கூடப் பெண் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறவள்.

முதலில் ஒரு சண்டை. காசு இல்லாத அந்தக் காலத்தை நீ ரொம்ப அழகாகச் சொல்கிறாய். பையன்களிடம்தான் காசு இல்லை, மற்ற எல்லோரிடமும் இருந்தது. மார்ச் ஆட்டங்களைக் காட்டுவதற்காக 2010இல் போட்ட டிவி ஒப்பந்தம் 14 வருஷத்துக்கு 1,080 கோடி டாலர். அதில் ஆடிய பையனுக்கு அப்போது ஒரு டாலர் கிடையாது, ஸ்காலர்ஷிப் மட்டும். நீ சொல்லும் அதே வெப்பர், தன் பெயர் போட்ட ஜெர்சி கடைக் கண்ணாடியில் விற்பனைக்குத் தொங்கும்போது தன் கையில் சாப்பிடக் காசில்லை என்று குமுறியவர். வெளியாள் ஒருவரிடம் பணம் வாங்கியது பின்னால் தெரிந்து, 2002இல் மிச்சிகன் பல்கலைக்கழகமே அந்த இரண்டு வருஷ வெற்றிக்காகத் தொங்கிய கொடிகளையும் அரங்கத்தின் கூரையிலிருந்து இறக்கி வைத்தது. ஐந்து பையன்கள் ஊரையே ஆட்டி வைத்ததற்குக் கூரையில் அடையாளமே இல்லாமல் செய்தார்கள்.

எட் ஓபானன் தெரியுமா? 1995இல் யுசிஎல்ஏவுக்குக் கோப்பை வாங்கித் தந்தவர். பல வருஷம் கழித்து ஒரு வீடியோ கேமில் தன்னைப் போலவே ஒரு பொம்மை, தன் நம்பரோடு, இடது கையால் ஷாட் போடுவதைப் பார்த்தார். 2009இல் வழக்குப் போட்டார், 2014இல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. 2021 ஜூலை 1இலிருந்துதான் காலேஜ் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்று விட்டார்கள். 2025 ஜூலையிலிருந்து பல்கலைக்கழகமே நேரடியாகக் கொடுக்கலாம், ஒரு பல்கலைக்கழகத்துக்கு முதல் வருஷத்தில் சுமார் 2.05 கோடி டாலர் வரை. இந்தச் சட்டமெல்லாம் வருவதற்குப் பல வருஷம் முன்னாலேயே, உழைப்பவன் ஒருத்தன் அள்ளுபவன் ஒருத்தன் என்று ராப் கத்திக்கொண்டிருந்தது. பாட்டுக் கம்பெனி தங்களைச் சுரண்டுவதைப் பாடியவர்களுக்கு, காலேஜ் அந்தப் பையன்களைச் சுரண்டுவதும் உடனே கண்ணில் பட்டது. ராப்பர்கள் காலேஜ் ஆட்டக்காரர்களை மறக்காமல் இருக்க இது ஒரு பெரிய காரணம் என்று நினைக்கிறேன். தோல் கார்கானாவில் பீஸ் கணக்குக்கு வேலை செய்கிறவன் நீ, இது உனக்குப் புரியாமல் போகாது.

அப்புறம், நீ எழுதியதில் ஒரு பெண் பெயர்கூட இல்லை. சண்டைக்காகச் சொல்லவில்லை, உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. 2021இல் பெண்கள் போட்டிக்குப் போன அணிகளுக்கு எடை தூக்கும் அறை என்று ஒரு சின்ன ரேக்கைக் கொடுத்திருந்தார்கள், ஆண்களுக்கு ஒரு ஹாலே. ஓரிகன் ஆட்டக்காரி செடோனா பிரின்ஸ் அதை வீடியோ எடுத்துப் போட்டார், உலகம் பார்த்தது. மார்ச் மேட்னெஸ் என்ற பெயரையே பெண்கள் போட்டிக்கு 2022இல்தான் கொடுத்தார்கள். அதற்கு இரண்டே வருஷத்தில், 2024இல், தென் கரோலினாவும் அயோவாவும் ஆடிய பெண்கள் இறுதி ஆட்டத்தை அமெரிக்காவில் சராசரியாக 1.89 கோடிப் பேர் பார்த்தார்கள். ஆண்கள் இறுதிக்கு 1.48 கோடி. அயோவா ஆட்டக்காரி கெய்ட்லின் கிளார்க் காலேஜில் போட்டது மொத்தம் 3,951 புள்ளி. என் பிள்ளைகளில் ஒருத்தி, பன்னிரண்டு வயது, அவரைப் பார்த்து நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் நின்று இரண்டு கையாலும் தள்ளி எறிகிறாள், எட்டாது, மறுபடி எறிகிறாள், நான் தடுப்பதில்லை.

உன் கேள்விக்கு வருகிறேன். உன் கூட்டாளிகளுக்குக் கதை சொன்னபோது கண் விரிந்தது என்று நீயே எழுதியிருக்கிறாய். அப்புறம் என்ன? பெயரைத் தூக்கிவிட்டு நடந்ததை வை. மிச்சமே இல்லாத டைம் அவுட்டைக் கேட்டவன் என்று சொன்னால், பாஸ்கெட்பாலே பார்க்காத என் அம்மாவுக்கும் வலிக்கும். வெப்பர் மாதிரி என்பது ஒரு சீட்டு, சீட்டு வைத்திருப்பவனுக்குத்தான் கதவு திறக்கும்.

இன்னொன்று, அந்தத் தவறையே கடைசி வார்த்தையாக வைக்காதே. 1982 இறுதி ஆட்டத்தில் மைக்கேல் ஜோர்டன் ஷாட் போட்டு வட கரோலினா 63-62 என்று முன்னால் போனது எல்லோருக்கும் தெரியும். அதற்கு அடுத்து ஜார்ஜ்டவுன் பையன் ஃப்ரெட் பிரவுன் அவசரத்தில் எதிரணிக்காரன் கையிலேயே பாஸ் கொடுத்துவிட்டான். ஆட்டம் முடிந்ததும் அவனுடைய பயிற்சியாளர் ஜான் தாம்ப்சன் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இரண்டு வருஷம் கழித்து, 1984இல், அதே ஜார்ஜ்டவுன் கோப்பையை வாங்கியது, அதே பிரவுன் அணியில் இருந்தான். அந்தக் கோப்பையை வாங்கிய முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் தாம்ப்சன். தன் மேஜையில் காற்றிறங்கிய பந்து ஒன்றை வைத்திருப்பார், பந்தில் காற்று போன பிறகு உன்னிடம் என்ன மிச்சம் என்று பிள்ளைகளைக் கேட்பதற்காக. ஒவ்வொரு வருஷமும் முதல் நாள் என் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுவேன்.


செம்பூர்_சந்தம்:

கோலிவாடா அக்கா சொன்னதில் முக்கால்வாசி சரி. ஆனால் பெயரைத் தூக்கிவிடு என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். ராப்பில் பெயர் அர்த்தத்துக்காக மட்டும் வருவதில்லை, ஓசைக்காகவும் வருகிறது. நான் பத்து வருஷமாகத் தமிழில் ராப் எழுதிப் பார்க்கிறவன், சொல்கிறேன்.

ஆங்கிலத்தில் எழுதுகிறவர் பெயரைப் பெரும்பாலும் வரியின் கடைசியில் வைப்பார். அங்கேதான் அவருக்கு ரைம். காலேஜ் பெயர், ஊர்ப் பெயர், ஆட்டக்காரர் பெயர் எல்லாம் நாலு அசை, ஐந்து அசை என்று நீளமாக இருக்கும், அதற்குச் சமமாக இன்னொரு நாலு அசையை அடுத்த வரியில் கொண்டுவந்தால் கைதட்டு. தமிழில் வரியின் கடைசியில் வினைச்சொல் வந்து உட்கார்ந்துவிடும். வர்றேன், போறேன், தர்றேன், பாக்குறேன். அது இலவசமாகக் கிடைக்கிற இயைபு, அதனால் அதற்கு மதிப்பே இல்லை. தமிழ் ராப்பில் நிறையப் பேர் வழுக்குவது இந்த இடத்தில்தான். ஆங்கிலப் பாட்டைக் கேட்டுப் பழகிய காது கடைசியிலேயே ரைம் தேடுகிறது.

நம்மிடம் இருப்பது எதுகை. இரண்டாம் எழுத்து, அதுவும் வரியின் தலையில். டிரம்மில் முதல் அடி விழுகிற இடமும் அதுதான். பெயரைக் கடைசியிலிருந்து தூக்கி முன்னால் வை. தாராவி என்று தொடங்கினால் அடுத்த வரியைப் பேராவல் என்று தொடங்கு, ரா மேல் அடி விழும்போது கேட்பவன் தலை தானாக ஆடும். தாராவியில் கேட்பவனுக்கு அந்தப் பெயரை விளக்க வேண்டியதும் இல்லை. திருப்புகழைச் சந்தத்தோடு கேட்டுப் பாருங்கள், அருணகிரிநாதர் எங்கே அடி வைக்கிறார், எங்கே மூச்சு விடுகிறார் என்று. ராப் எழுதுகிற எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

பாஸ்கெட்பாலோடு எனக்கு இருக்கும் ஒரே தொடர்பு நேரம். காலேஜ் ஆண்கள் ஆட்டத்தில் ஷாட் கிளாக், அதாவது பந்து கிடைத்ததும் ஷாட் போட வேண்டிய நேரம், 30 வினாடி, என்பிஏவில் 24. இந்த ஆறு வினாடி சின்னதில்லை. நிமிஷத்துக்கு 90 அடி ஓடும் பீட்டில் 30 வினாடி என்றால், நாலு அடி ஒரு பார் என்ற கணக்கில், பதினோரு பாருக்குக் கொஞ்சம் மேல். பாட்டின் ஒரு பகுதியான 16 பார் வெர்ஸ் முடிய 43 வினாடி ஆகும். அதாவது காலேஜ் ஆட்டத்தில் ஒரு தடவை பந்து கையில் இருக்கும் நேரம், ஒரு வெர்ஸின் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவு. கட்டி எழுப்ப இடம் இருக்கிறது, வீணாக்க இடம் இல்லை. தம்பி, உன் வெர்ஸை ஷாட் கிளாக் வைத்து ஒரு தடவை பாடிப் பார், எந்த வரி சும்மா பந்தைத் தட்டிக்கொண்டு நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

டேமியன் லில்லர்டை யாரும் சொல்லவில்லையே? யூட்டாவில் ஆக்டன் என்ற ஊரில் வீபர் ஸ்டேட் என்று அதிகம் பேருக்குத் தெரியாத காலேஜ். அங்கே நாலு வருஷம் ஆடினார், 2012இல் என்பிஏ போனார், ராப் ஆல்பமும் போடுகிறார். அவர் ஜெர்சி நம்பர் பூஜ்யம். அது எண் இல்லை, ஓ என்ற எழுத்து: பிறந்த ஓக்லாந்து, படித்த ஆக்டன், என்பிஏவில் முதலில் ஆடிய ஓரிகன், ஆங்கிலத்தில் எழுதினால் மூன்றுக்கும் முதல் எழுத்து அதுதான். மோனையை முதுகில் போட்டுக்கொண்டு ஆடுகிறார். ராப்பர் மூளை என்றால் அது.


கிங்ஸ்_சர்க்கிள்_28:

கிரிக்கெட் வேண்டாம் என்று சொன்னதற்கு என் ஆதரவு. மும்பையில் எல்லா வரியிலும் ஒரே இரண்டு மூன்று பேர்தான் சிக்ஸர் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். டோப்பாடெலிக்ஸ் மாதிரி நம் தாராவிப் பையன்கள் தமிழையும் இந்தியையும் மராத்தியையும் கலந்து பாடியபோது, இந்த மொழி யாருக்குப் புரியும் என்று யாரைக் கேட்டுப் பாடினார்கள்? புரியாத சொல் இருந்தால் இருக்கட்டும். நீயும் அப்படித்தானே பெயரைக் குறித்து வைத்துத் தேடினாய்? உன் வரியைக் கேட்டு நாளைக்கு ஒருத்தன் வெப்பர் யார் என்று தேடுவான்.


மாட்டுங்கா_பழைய_சென்டர்:

எல்லோருக்கும் வணக்கம். வயது 58. ராப் என் பிள்ளைகள் கேட்பது, எனக்குப் பழக்கமில்லை. பாஸ்கெட்பால் பற்றி என்பதால் எழுதுகிறேன்.

தம்பி, நம் ஊர் காலேஜ் ஆட்டக்காரர் யாரையும் எனக்கே தெரியாது என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் படித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். உங்கள் மேல் தவறில்லை. எழுதி வைக்கவில்லை, அதனால் தெரியவில்லை.

இந்த ஆட்டமே காலேஜிலும் ஒய்எம்சிஏவிலும் பிறந்தது. 1891 டிசம்பரில் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் பீச் பழக்கூடையை மாடத்தில் ஆணியடித்து மாட்டினார். பிறகு கான்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய் அங்கே பயிற்சியாளராக 55 ஆட்டம் ஜெயித்து 60 தோற்றார். ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர்தான், கான்சாஸ் பயிற்சியாளர்களிலேயே ஜெயித்ததைவிட அதிகம் தோற்ற ஒரே ஆள். எனக்கு அவரை அதனாலேயே பிடிக்கும். நம் பக்கம் ஒய்எம்சிஏக்காரர்கள் கொண்டுவந்தார்கள். 1920இல் சென்னையில் ஹாரி க்ரோ பக் ஆரம்பித்த உடற்கல்விக் கல்லூரி இன்றும் நந்தனத்தில் இருக்கிறது. என் பள்ளி விளையாட்டு ஆசிரியர் அங்கே படித்து வந்தவர், மாட்டுங்காவில் எங்களுக்கு அவர்தான் பிவட், அதாவது ஒரு காலை ஊன்றி மறு காலால் திரும்புவது, சொல்லிக் கொடுத்தார். பம்பாயில் இந்த ஆட்டத்தின் தாய்வீடு நாக்பாடா. சின்னச் சின்ன அறைகளில் பத்துப் பேர் வாழ்ந்த தெருக்களிலிருந்து இந்திய அணிக்கே ஆட்கள் போனார்கள். அங்கே ஒரு மாநகராட்சி மைதானத்துக்கே பச்சு கான் என்று பயிற்சியாளர் பெயர் வைத்திருக்கிறார்கள். நீங்கள் தேடும் பெயர் ஒன்று ஏற்கெனவே சுவரில் இருக்கிறது, தம்பி.

அமெரிக்காவில் ஒரு காலேஜ் பெயரைச் சொன்னால் கேட்பவனுக்குச் சிலிர்ப்பதற்குக் காரணம், ஊரே வந்து உட்கார்ந்து பார்க்கிறது. டியூக்கின் கேமரன் அரங்கம் 1940இல் திறந்தது, 9,314 பேர் உட்காரலாம், மாணவர்கள் உள்ளே இடம் பிடிக்க வெளியே கூடாரம் போட்டுப் படுப்பார்கள். பத்து மைலில் வட கரோலினா பல்கலைக்கழகம். அந்த இரண்டு காலேஜும் மோதும் நாளில் குடும்பத்துக்குள்ளேயே பேச்சு நின்றுவிடும் என்று அங்கே வேலை பார்க்கும் என் மகன் சொல்லுவான். நாங்கள் ஆடிய இன்டர் காலேஜ் இறுதி ஆட்டத்துக்கு வந்தவர்கள் இருநூறு பேர் இருந்தால் அதிகம்.

1987இல் அப்படி ஓர் இறுதி ஆட்டம். திறந்தவெளி சிமென்ட் தரை, சாயங்காலம். ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். நேரம் முடிகிற கட்டத்தில் என்னை ஃபவுல் செய்தார்கள், அதற்காக யாரும் தடுக்காமல் போடும் இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தது. ஒன்று போட்டால் சமம், இரண்டும் போட்டால் கோப்பை. இரண்டும் விழவில்லை. அந்த வருஷம் ஜெயித்த அணியில் மூன்று பேருக்கு விளையாட்டுக் கோட்டாவில் வேலை கிடைத்தது. எனக்கு ஓர் அலுவலகத்தில் கூப்பிட்டு, கோப்பை இல்லையே என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பிறகு வேறு வேலை, குடும்பம், எல்லாம் நன்றாகவே அமைந்தது. ஆனால் கிறிஸ் வெப்பர் டைம் அவுட் கேட்டதை உலகமே பேசுகிறது. அவர் என்பிஏவில் 15 வருஷம் ஆடி, 2021இல் ஹால் ஆஃப் ஃபேமிலும் சேர்ந்துவிட்டார். அவர் தவறுக்குப் பாட்டில் இடம் இருக்கிறது. என் இரண்டு ஷாட்டை ஞாபகம் வைத்திருப்பவர்கள் என்னையும் சேர்த்து நாலைந்து பேர், அதில் ஒருவர் போன வருஷம் காலமாகிவிட்டார்.

பெயர் தெரிந்திருந்தால்தான் பாட்டில் வைக்க முடியும் என்கிறீர்கள். எனக்கு அது தலைகீழாகத் தோன்றுகிறது. யாராவது ஒருவர் முதலில் வைத்தால்தானே தெரியும்?


தாராவி_டி_ஜங்ஷன்:

சார், உங்கள் பதிலை மூன்று தடவை படித்தேன். கார்கானாவில் கூட்டாளிகளுக்கு வாசித்தும் காட்டினேன். யாரும் எதுவும் பேசவில்லை. அது எப்படிப்பட்ட மௌனம் என்று எனக்குத் தெரியும், நல்ல வரிக்குப் பிறகு வருகிற மௌனம்.

கோலிவாடா அக்கா, பெண்கள் பெயர் இல்லாதது என் தவறு. 2024 இறுதி ஆட்டத்தை நானும் பார்த்தேன், 87-75, பார்த்துவிட்டும் எழுதும்போது ஞாபகம் வரவில்லை என்பது இன்னும் பெரிய தவறு. பீஸ் கணக்கு பற்றி நீங்கள் சொன்னது ராத்திரி முழுக்க மனசில் ஓடியது. அதற்குத் தனியாக ஒரு வெர்ஸ் எழுதுவேன். சந்தம் அண்ணே, போன் டைமரை 30 வினாடி வைத்துப் பாடிப் பார்த்தேன், நாலு வரியை அடித்துவிட்டேன். கிங்ஸ் சர்க்கிள், வெப்பர் பெயரை இந்த வெர்ஸில் இப்போதைக்கு எடுத்துவிட்டேன், வருத்தப்படாதே.

சாரிடம் கேட்காமலே எழுதிவிட்டேன். வேண்டாம் என்றால் அழித்துவிடுகிறேன்.

கையில ரெண்டு ஷாட்டு, கடிகாரம் நின்னு போச்சு
பையில திரும்பிப் போக பஸ்ஸு காசு மட்டும் ஆச்சு
முதல் பந்து வளையம் சுத்தி வெளிய வந்து விழுந்திச்சு
எதிர் பெஞ்சு எழுந்திச்சு, எங்க பெஞ்சு குனிஞ்சிச்சு
தெருவுக்கெல்லாம் பேர் இருக்கு, தரைக்கு இல்ல கேளு
ஒரு வரியில ஊனி வெச்சேன், மாட்டுங்கா ஆளு

கடைசி வரியில் உங்கள் பெயரை வைக்க வேண்டும் என்று ஆசை, நீங்கள் சம்மதித்தால் மட்டும். இரண்டாவது ஷாட் எப்படித் தவறியது என்று நீங்கள் சொல்லவில்லை. அதற்கு இரண்டு வரி காலியாக வைத்திருக்கிறேன்.


செம்பூர்_சந்தம்:

கையில, பையில. முதல், எதிர். தெரு, ஒரு. மூன்று ஜோடியும் சரியாக உட்கார்ந்திருக்கிறது. நாலாவது வரியில் குனிஞ்சிச்சு என்பதை மட்டும் மாற்று, விழுந்திச்சு, எழுந்திச்சு என்று ஏற்கெனவே இரண்டு வந்துவிட்டது, மூன்றாவது அதே வாலோடு வரும்போது அடி மழுங்குகிறது. எங்க பெஞ்சு தரையில என்று வெட்டி நிறுத்திப் பார்.


மாட்டுங்கா_பழைய_சென்டர்:

தம்பி, அழிக்க வேண்டாம். பெயரைப் போடுங்கள், தனியாக அனுப்புகிறேன்.

முதல் பந்து நீங்கள் எழுதியபடிதான் வளையத்தைச் சுற்றி வெளியே வந்தது, நான் சொல்லாமலே எப்படி எழுதினீர்கள் என்று தெரியவில்லை. இரண்டாவது குட்டையாகப் போய்விட்டது. ரிம்மின் முன்பக்கம் பட்டு நேராக என் கைக்கே திரும்பி வந்தது. பந்து கையில் இருக்கிறது, எதிரில் யாரும் இல்லை, இரண்டே அடி வைத்தால் வளையம். விசில் ஊதிவிட்டது என்று நினைத்து நான் நின்றுவிட்டேன். ஊதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு நான் கோர்ட்டில் இருப்பேன். முடிந்தால் வாருங்கள், அந்தத் தரையைக் காட்டுகிறேன்.